பேட்டரியைக் கழற்றி வெளியே சார்ஜ் போடலாமா?

கேள்வி: சார், வேதாரண்யம் பக்கம் ஒரு கிராமத்தில் வயர்மேன் வேலை பார்க்கிறேன். அம்மாவிடம் பழைய நோக்கியா பட்டன் போன் இருக்கிறது. சார்ஜர் பின் செருகும் இடம் ஆடிப்போய்விட்டது. கையால் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் ஏறுகிறது. பேட்டரியைக் கழற்றி, பழைய 5 வோல்ட் சார்ஜரின் வயரை வெட்டி, பிளஸ் மைனஸில் நேராக வைத்து சார்ஜ் ஏற்றலாமா? நண்பர் ஒருவர் வருஷக்கணக்காக அப்படித்தான் செய்கிறார், ஒன்றும் ஆகவில்லை என்கிறார். கஜா புயலின்போது வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் தவித்தோம். அதனால் பைக் பேட்டரியிலிருந்தும் ஏற்றுகிற மாதிரி செய்து வைக்க ஆசை. 12 வோல்ட்டுக்கு ரெசிஸ்டர் போட்டால் போதுமா? பேட்டரியில் நடுவில் இருக்கும் மூன்றாவது தகடு எதற்கு? இன்னொரு பேட்டரி மீட்டரில் பூஜ்யம் காட்டியது. செல்போன் கடையில் ‘பூஸ்ட்’ கொடுத்து எழுப்பினார்கள். அது சரியா? உடைந்த ஸ்மார்ட்போன்களில் கழற்றிய மூன்று பேட்டரிகளும் இருக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பவர் பேங்க் செய்ய முடியுமா?

பதில்: அம்மாவின் போன் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அந்த போனுக்கு வெளிச் சார்ஜர் தேவையில்லை, சார்ஜிங் ஜாக்கை மாற்றினால் போதும். சில நோக்கியா மாடல்களில் சால்டரிங்கூட வேண்டாம். ஜாக்கின் ஸ்பிரிங் தகடுகள் போர்டின் மேல் அழுத்தி உட்காரும், பழையதை எடுத்துப் புதியதை வைத்து மூடிவிடலாம். சால்டர் வைக்கிற மாடலாக இருந்தாலும் கடையில் அது சின்ன வேலைதான். அம்மா தினமும் பேட்டரியைக் கழற்றி மாட்ட வேண்டும் என்றால் ஒரு மாதத்தில் பின்மூடியும் உடையும், பேட்டரித் தகடும் வளையும்.

புயல் காலத்துக்கு உபரி பேட்டரி ஒன்றை நிரப்பி வைத்துக்கொள்ள வெளிச் சார்ஜர் வேண்டும் என்பது வேறு விஷயம். அது நியாயமான தேவை. செய்யலாம், ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற முறையில் வேண்டாம்.

நாம் சார்ஜர் என்று சுவரில் செருகுகிற பெட்டி செய்வது ஒரே வேலைதான்: 230 வோல்ட் ஏசியை 5 வோல்ட் டிசியாக்கிக் கொடுக்கிறது. பேட்டரி காலியா, பாதியா, நிறைந்துவிட்டதா என்பது அதற்குத் தெரியாது. அதைப் பார்த்துப் பார்த்து கரண்டைக் கூட்டிக் குறைத்து, கடைசியில் நிறுத்துகிற சர்க்யூட் போனின் போர்டில் இருக்கிறது. வயரை வெட்டி நேராக பேட்டரியில் வைக்கும்போது அந்தக் காவலாளியைத்தான் நீங்கள் வெளியே அனுப்பிவிடுகிறீர்கள்.

உங்கள் பேட்டரி பெரும்பாலும் பிஎல்-5சி என்ற லித்தியம்-அயான் பேட்டரியாக இருக்கும். 3.7 வோல்ட், 1020 மில்லியாம்பியர்-மணி என்று மேலே அச்சிட்டிருக்கும். 3.7 என்பது சராசரிக் கணக்கு. உண்மையில் காலியாகும்போது 3 வோல்ட், நிறையும்போது 4.2 வோல்ட். இந்த 4.2 என்கிற எண்ணில்தான் எல்லாமே இருக்கிறது. ஏறத்தாழ ஒரு சதவீதத்துக்குள், அதாவது 0.05 வோல்ட்டுக்குள் அதைப் பிடிக்க வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரியில் அரை வோல்ட் கூடினால் தண்ணீர் கொஞ்சம் சீக்கிரம் வற்றும், ஊற்றிவிடுவீர்கள். இங்கே ஊற்ற எதுவும் இல்லை.

சார்ஜ் ஏற்றும் முறை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் குறிப்பிட்ட கரண்ட் மாறாமல் உள்ளே போகும்; பேட்டரியின் வோல்ட்டேஜ் மெல்ல ஏறி 4.2ஐத் தொடும். அதற்குப் பிறகு வோல்ட்டேஜை 4.2லேயே பிடித்து நிறுத்த வேண்டும். கரண்ட் தானாகக் குறைந்துகொண்டே வரும். தொடக்கக் கரண்டில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததும் அடியோடு நிறுத்திவிட வேண்டும். குழாயடியில் குடத்தை முதலில் வேகமாகப் பிடித்து, கழுத்து வரை வந்ததும் குழாயைச் சிறுகச் சிறுக மூடுவதைப் போல. ‘மிதவை’ சார்ஜ் என்று இன்வெர்ட்டரில் நாள் முழுக்க மாட்டியே வைத்திருக்கிறோமே, அந்தப் பழக்கம் லித்தியத்துக்கு ஆகாது.

இப்போது 5 வோல்ட்டை நேராக வைத்தால் என்ன நடக்கும்? பேட்டரி 3.6 வோல்ட்டில் இருக்கிறது, அதன் உள்மின்தடை 0.2 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.4 வோல்ட் வித்தியாசத்தை 0.2ஆல் வகுத்தால் 7 ஆம்பியர். அவ்வளவு கரண்டை அடாப்டரால் தர முடியாது என்பதால் தன்னால் முடிந்த மட்டும் தரும்: ஒரு ஆம்பியரோ இரண்டு ஆம்பியரோ. 2 ஆம்பியர் அடாப்டராக இருந்தால், 1 ஆம்பியருக்கு மேல் தாங்காத பேட்டரிக்குள் அதைப்போல இரண்டு மடங்கு போகிறது. அடாப்டரும் சூடாகும், பேட்டரியும் சூடாகும். 4.2 வந்ததும் நிற்காது. 5ஐ நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும்.

அப்படியானால் நண்பருக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? பேட்டரியின் தலைப்பகுதியில், தகடுகளுக்குப் பின்னால், விரல் நக அகலத்தில் ஒரு பாதுகாப்புப் பலகை இருக்கிறது. வோல்ட்டேஜ் 4.25, 4.3 அளவைத் தாண்டினால் அது இணைப்பைத் துண்டிக்கும். நண்பரை இத்தனை வருஷம் காப்பாற்றியது அந்தப் பலகைதான். ஆனால் அது உங்கள் பாஷையில் சொன்னால் பியூஸ்; சுவிட்ச் இல்லை. தினமும் பியூஸைப் போக்கியே விளக்கை அணைக்கிற வீட்டில் நீங்கள் வயரிங் சரி என்று கையெழுத்துப் போடுவீர்களா? இன்னொன்றும் நடக்கிறது. பலகை துண்டித்ததும் பேட்டரி சற்று ஓய்ந்து 4.1 அளவுக்கு இறங்கினால் சில பலகைகள் மறுபடி இணைப்பைக் கொடுக்கும். மறுபடி ஏறும், மறுபடி துண்டிக்கும். இரவெல்லாம் இப்படியே. அவர் காலையில் எழுந்து “ஃபுல்லாக இருக்கிறது” என்பார். கடைத்தெருவில் பெரிய பிராண்டு பெயர் அச்சிட்டு விற்கிற போலிகளில் அந்தப் பலகையே இல்லாதவையும் உண்டு. நண்பர் அடுத்த பேட்டரியை அங்கே வாங்கினால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை.

அளவு மீறி ஏற்றும்போது உள்ளே நடப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எதிர்முனையில் இருக்கும் கிராஃபைட்டுக்குள் நுழைய இடமில்லாத லித்தியம் அதன் மேற்பரப்பில் உலோகமாகவே படிகிறது. படிவது முள்முள்ளாக வளர்ந்தால் நடுவில் இருக்கும் மெல்லிய பிரிப்புப் படலத்தைக் குத்தும். நேர்முனையில் இருக்கும் கோபால்ட் ஆக்சைடு நிலை குலைந்து ஆக்சிஜனை விடுகிறது. நடுவில் ஊறியிருக்கும் திரவமோ தீப்பிடிக்கக்கூடியது. பாலித்தீன் படலம் சுமார் 130 டிகிரி செல்சியஸில் உருகும். உருகினால் இரு முனைகளும் தொட்டுக்கொள்ளும். அதற்குப் பிறகு வெளியிலிருந்து கரண்டை நிறுத்தினாலும் பலன் இல்லை, சூடு சூட்டை வளர்க்கும். லித்தியம் உலோகத்தையே முனையாக வைத்துச் செய்த முதல் தலைமுறை பேட்டரிகள் 1989இல் ஜப்பானில் செல்போனில் தீப்பிடித்துத் திரும்பப் பெறப்பட்டன. அதற்குப் பிறகுதான் கிராஃபைட், கார்பன் பக்கம் உலகம் திரும்பியது; 1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது அந்த வகை. உங்கள் கையில் இருப்பதும் அதன் வாரிசு.

பிஎல்-5சிக்கே ஒரு கதை உண்டு. 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை மட்சுஷிட்டா என்ற ஜப்பான் கம்பெனி தயாரித்துக் கொடுத்த 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகளை மாற்றித் தருவதாக 2007 ஆகஸ்டில் நோக்கியா அறிவித்தது. சார்ஜ் ஏறும்போது உள்ளே ஷார்ட் ஆகிச் சூடேறலாம் என்பது காரணம். ஒழுங்கான சார்ஜரில், ஒழுங்கான போனுக்குள் இருந்தபோதே அந்த நிலைமை.

சரி, 5 வோல்ட் அதிகம் என்றால் குறைத்துக்கொள்ளலாமே என்று உங்கள் கை பரபரக்கும். மூன்று குறுக்கு வழிகள் பழக்கத்தில் இருக்கின்றன.

முதலாவது, 4007 டயோடு (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற பாகம்) ஒன்றைத் தொடரில் போடுவது. 0.7 வோல்ட் குறையும், 5இல் போனால் 4.3, கிட்டத்தட்ட சரிதானே என்பார்கள். அந்த 0.7 நிலையான எண் இல்லை. அரை ஆம்பியர் ஓடும்போது 0.85 வரை விழும். பேட்டரி நிறைந்து கரண்ட் சில மில்லியாம்பியராகும்போது 0.6ஆகச் சுருங்கும். அதாவது பேட்டரி பசியாக இருக்கும்போது 4.15, வயிறு நிறைந்த பிறகு 4.4. நமக்குத் தேவையானதற்கு நேர் எதிர்.

இரண்டாவது, வோல்ட்டேஜைக் குறைத்து ஒரே அளவில் வைக்கிற எல்எம்317 ரெகுலேட்டரை 4.2 வோல்ட்டுக்குத் திருகி வைப்பது. இது கொஞ்சம் படித்தவர்கள் செய்கிற தவறு. உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் 2 வோல்ட் போல வித்தியாசம் அதற்கு வேண்டும். 5 வோல்ட் அடாப்டரில் வேலையே செய்யாது. 9 வோல்ட் கொடுத்தால் ஓடும், ஆனால் நிறைந்ததும் நிறுத்தாது. திருகு வைத்த வேரியபிள் ரெசிஸ்டர் உங்கள் ஊர் உப்புக் காற்றில் எத்தனை நாள் அதே 4.2ஐக் காட்டும் என்று நினைக்கிறீர்கள்?

மூன்றாவதுதான் எனக்குப் பயம். எல்இடி பல்பு ரிப்பேர் செய்கிறவர் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: 230 வோல்ட் லைனில் 105 கெபாசிட்டர் ஒன்றைத் தொடரில் போட்டு, டயோடு பிரிட்ஜ் வைத்து எடுக்கிற முறை. 105 என்றால் 1 மைக்ரோஃபாரட்; அதில் 70 மில்லியாம்பியர் வரும். ‘மெதுவாக ஏறும், நல்லதுதானே’ என்று வீடியோ போடுகிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத சர்க்யூட் அது. பேட்டரியின் தகட்டில் கை வைத்தால் லைனில் கை வைத்த மாதிரி. பல்புக்கு அது பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கிறது. பேட்டரியை மாட்டிக் கழற்றப்போவது உங்கள் அம்மாவாகவும் இருக்கலாம். பிளாட்பாரத்தில் விற்கிற, கலர் கலராக மின்னும் கிளிப் சார்ஜர்களையும் நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றில் சில நன்றாகவே ஓடும், எது ஓடும் என்பதைத் திறந்து அளந்துதான் சொல்ல முடியும்.

12 வோல்ட்டுக்கு ரெசிஸ்டர் போடுவதைப் பற்றி: பைக் பேட்டரி 12.6 வோல்ட், நமக்கு அரை ஆம்பியர் வேண்டும் என்றால் 18 ஓம் வரும். நான்கரை வாட் சூடு அதிலேயே போகும், அது போகட்டும். பேட்டரி 4.2ஐத் தொட்டதும் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: 470 மில்லியாம்பியர். குறையவே இல்லை. வோல்ட்டேஜ் ஏறிக்கொண்டே போய் பாதுகாப்புப் பலகை துண்டிக்கும். துண்டித்ததும் ரெசிஸ்டரில் கரண்ட் இல்லை, அதனால் வோல்ட்டேஜும் அதில் விழாது. முழு 12 வோல்ட்டும் அந்தச் சின்னப் பலகையின் மேல் வந்து உட்காரும். அது தாங்காமல் போனால் அடுத்து பேட்டரிதான்.

ஆகவே சார்ஜ் போடுகிற மூளையை நீங்கள் செய்யாதீர்கள். அதைக் கடையில் வாங்குங்கள். மற்றதையெல்லாம் நீங்களே செய்யுங்கள். டிபி4056 என்ற ஐசி (சிப்) வைத்த சின்ன சார்ஜிங் போர்டு, சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கிறது. கட்டைவிரல் அளவு. ஒரு பக்கம் யுஎஸ்பி, மறுபக்கம் பி பிளஸ், பி மைனஸ் என்று பேட்டரிக்கான ஓட்டைகள். அவற்றோடு அவுட் பிளஸ், அவுட் மைனஸ் என்ற ஓட்டைகளும் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். அதில் தனியாக ஒரு பாதுகாப்பு ஐசியும் இருக்கும். அவுட் ஓட்டைகளை நீங்கள் பயன்படுத்தப்போவதில்லை, சும்மா இருக்கட்டும். சிவப்பு எரிந்தால் ஏறுகிறது, நீலமோ பச்சையோ எரிந்தால் முடிந்தது. முதல் கட்டம், இரண்டாம் கட்டம், பத்தில் ஒரு பங்கில் நிறுத்துவது எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. பேட்டரி 2.9 வோல்ட்டுக்குக் கீழே கிடந்தால் முதலில் பத்தில் ஒரு பங்கு கரண்டை மட்டும் கொடுத்து எழுப்பிப் பார்க்கும்.

ஒரு மாற்றம் மட்டும் நீங்கள் செய்ய வேண்டும். கடையில் வரும்போது அது 1 ஆம்பியருக்கு அமைந்திருக்கும். 1020 மில்லியாம்பியர்-மணி பேட்டரிக்கு அது உச்சம். நம் ஊர் வெயிலில் அவ்வளவு வேண்டாம். ஐசியின் 2ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டர்தான் கரண்டைத் தீர்மானிக்கிறது. பெரும்பாலான போர்டுகளில் ஆர்3 என்று எழுதியிருக்கும், அதன் மேல் 122 என்ற எண் இருக்கும்: 1.2 கிலோ ஓம். அதை எடுத்துவிட்டு 2 கிலோ ஓம் வையுங்கள், 580 மில்லியாம்பியர் ஆகும். ஏற இரண்டரை மணி நேரம் போல ஆகும், பேட்டரி கையில் வெதுவெதுப்பாகக்கூட இருக்காது. ஐசி மட்டும் சுடும், 5க்கும் 3.7க்கும் இடையில் மிஞ்சுவதை அது சூடாகத்தான் கழிக்கிறது. அதனால் போர்டைப் பேட்டரிக்கு அடியில் ஒட்டிவிடாதீர்கள், இரண்டு விரல்கடை தள்ளி வையுங்கள்.

தலைகீழ் இணைப்பை இந்த ஐசி தாங்காது. பிளஸும் மைனஸும் மாறினால் அந்த நொடியே புகைந்துவிடும். கையால் வயரைப் பிடித்து வைக்கிற முறையோ, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுகிற முறையோ இங்கே சரிவராததற்கு அதுதான் காரணம். பேட்டரி ஒரே திசையில்தான் உட்காரும் என்கிற மாதிரி தொட்டில் வேண்டும். அதற்கு எளிய வழி, பிஎல்-5சி போடுகிற செத்த போன் ஒன்றை செல்போன் கடையில் கேட்டு வாங்குவது. பேட்டரி உட்காரும் குழியும், ஸ்பிரிங் தகடுகளும் தயாராக இருக்கும். போர்டிலிருந்து அந்தத் தகடுகளைப் பிரித்து, பிளஸிலும் மைனஸிலும் மட்டும் வயர் வைத்து சால்டர் செய்யுங்கள். தகடுகள் போர்டோடு ஒட்டியே இருந்தால் மற்ற தடங்களை வெட்டிவிடுங்கள். பேட்டரியின் தகட்டில் நேராக சால்டரிங் அயர்னை வைக்காதீர்கள். அதற்குப் பின்னால்தான் அந்தச் சின்னப் பலகையும் செல்லும் இருக்கின்றன.

உப்பளக் காற்று தகடுகளைச் சீக்கிரம் கருக்கும். கருத்தால் அந்த இடத்தில் மின்தடை கூடும். போர்டு பார்க்கிற வோல்ட்டேஜ் பேட்டரியில் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். இரண்டாம் கட்டத்துக்குச் சீக்கிரமே போய்விடும். ஆபத்து இல்லை, ஆனால் ஏற மணிக்கணக்கில் இழுக்கும். பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்தால் போதும்.

நடுத் தகட்டைப் பற்றி நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. அதற்கும் மைனஸுக்கும் இடையில் ஒரு ரெசிஸ்டர் இருக்கிறது. நோக்கியாவில் அது இது எந்த வகை பேட்டரி என்று போனுக்குச் சொல்கிற அடையாளம். வேறு பல கம்பெனிகளில் அது வெப்பத்துக்கு ஏற்ப மாறும் தெர்மிஸ்டர். பேட்டரி சூடானால் போன் அதைப் படித்து சார்ஜை நிறுத்தும். ஓம் மீட்டரை வைத்து, பேட்டரியை உள்ளங்கையில் சற்று நேரம் பொத்திப் பிடித்துப் பாருங்கள். எண் இறங்கினால் தெர்மிஸ்டர். நம் போர்டில் அதற்கு இணைப்பு கிடையாது. வெப்பம் பார்க்கிற கால் ஐசியில் உண்டு, ஆனால் போர்டு செய்கிறவர்கள் அதைக் கிரவுண்டோடு சேர்த்துவிட்டார்கள். எனவே நடுத் தகட்டைச் சும்மா விடுங்கள். போனுக்கு இருக்கிற வெப்பக் காவல் உங்கள் சார்ஜருக்கு இல்லை என்பதை மட்டும் மறக்க வேண்டாம். 45 டிகிரிக்கு மேல் சூடான இடத்தில் லித்தியம் பேட்டரியை ஏற்றக்கூடாது. சித்திரை மதியத்தில் ஓட்டு வீட்டுக் கூரைக்குக் கீழே, வெயில் படும் ஜன்னலோரத்தில் வைத்தால் அந்த அளவு எளிதில் வந்துவிடும்.

பைக் பேட்டரியிலிருந்து ஏற்ற வழி, 12 வோல்ட்டை முதலில் 5 ஆக்கி, அந்த 5ஐ இந்த போர்டுக்குக் கொடுப்பது. 12ஐ நேராகக் கொடுத்தால் போர்டு போய்விடும். ஐசியின் உச்சம் 8 வோல்ட். 7805 ரெகுலேட்டர் போடலாம் என்றால் அரை ஆம்பியருக்கே 4 வாட் சூட்டைக் கழிக்கப் பெரிய ஹீட் சிங்க் வேண்டும், புயல் நேரத்தில் பேட்டரியில் பாதிக்கு மேல் சூடாகவே போகும். காரிலும் பைக்கிலும் மாட்டுகிற யுஎஸ்பி சார்ஜர் ஒன்றை வாங்கி, முதலை கிளிப் இரண்டு வைத்து, பிளஸ் வயரில் 2 ஆம்பியர் பியூஸ் ஒன்று போட்டுவிடுங்கள். எவ்வளவு ஓடும் என்பதற்குக் கணக்கு: 12 வோல்ட் 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் 60 வாட்-மணி. மறுநாள் வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டும் என்றால் பாதியைத்தான் எடுக்கலாம், 30. வழியில் வீணாவது போகப் பதினெட்டு போல நம் பேட்டரிக்கு வந்து சேரும். பிஎல்-5சி ஒன்றுக்கு 3.8 வாட்-மணி. நான்கு முறை தாராளமாக நிரப்பலாம். பட்டன் போனுக்கு அது வாரக்கணக்கில் வரும்.

உபரி பேட்டரியை வருஷம் முழுக்க நிரப்பியே வைத்திருக்காதீர்கள். 3.8 வோல்ட் அளவில், ஏறத்தாழ பாதியில் வைத்துக் குளிர்ந்த இடத்தில் போட்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் வைத்துப் பாருங்கள். நாகை துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள் என்று கேள்விப்பட்டதும் முழுதாக ஏற்றிக்கொள்ளலாம்.

‘பூஸ்ட்’ விஷயத்துக்கு வருகிறேன். பேட்டரி மீட்டரில் பூஜ்யம் காட்டினால் செல் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. வோல்ட்டேஜ் மிகவும் இறங்கியதால் பாதுகாப்புப் பலகை கதவைச் சாத்தியிருக்கிறது. கடைக்காரர் டிசி பவர் சப்ளையை வைத்துச் சில நொடி தள்ளினால் கதவு திறக்கும். அவர் வேலை முடிந்தது. ஆனால் கதவு ஏன் சாத்தியது, எத்தனை நாளாகச் சாத்தியிருந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. நேற்று ராத்திரி போனை மறந்து விட்டுக் காலையில் இப்படி என்றால் பயமில்லை, நம் போர்டில் போட்டாலே சின்னக் கரண்டில் எழுந்துவிடும். மாதக்கணக்கில் மேசை டிராயரில் கிடந்தது என்றால் செல் 2 வோல்ட்டுக்கும் கீழே போயிருக்கலாம். அந்த நிலையில் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி ஏற்றும்போது கரைந்த செம்பு வேண்டாத இடத்தில் படிந்து உள்ளுக்குள் ஷார்ட் ஆகும். வெளியே பார்த்தால் நன்றாகவே இருக்கும். உங்கள் பேட்டரி எந்த ரகம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். டிராயர் ரகம் என்றால் அதை விட்டுவிடுங்கள். சந்தேகம் என்றால் இப்படிச் சோதியுங்கள்: போர்டில் போட்டு அரை மணி நேரத்தில் 3 வோல்ட்டைத் தாண்டவில்லை என்றால் தூக்கிப் போட வேண்டியது. நிரப்பிக் கழற்றி வைத்து, மறுநாள் பார்க்கும்போது 4.2இலிருந்து 4க்குக் கீழே தானாக இறங்கியிருந்தாலும் அப்படித்தான்.

செய்து முடித்ததும் முதல்முறை பக்கத்திலேயே இருந்து ஏற்றுங்கள். பேட்டரி இல்லாமல் போர்டை அளந்தால் எண் குதிக்கும், விளக்கும் சிமிட்டும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நீல விளக்கு வந்த பிறகு பேட்டரியைக் கழற்றி அளங்கள். 4.15க்கும் 4.22க்கும் நடுவில் இருந்தால் சரி. 4.25ஐத் தாண்டினால் ஐசி போலி, போர்டைக் குப்பையில் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள். அடாப்டரில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கட்டிலிலோ, பாயிலோ, கீற்றுக் கொட்டகைக்குள்ளோ வைத்து ஏற்றாதீர்கள். தரையில் ஒரு அகலமான மண்சட்டிக்குள் வைத்தால் போதும். எல்லோரும் தூங்கப் போகும்போது மாட்டிவிட்டுப் போகாதீர்கள். பேட்டரி சுட்டாலோ, உப்பினாலோ, இனிப்பான வாடை வந்தாலோ முதலில் மெயினை அணையுங்கள். புகை வந்தால் முகர்ந்து பார்க்கக் குனியாமல் வெளியே வந்துவிடுங்கள். அதில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு இருக்கும், நுரையீரலை அரிக்கும். லித்தியம் என்றால் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அது லித்தியம் உலோகத்துக்கு. இந்த வகை பேட்டரி எரிந்தால், கரண்ட் துண்டித்த பிறகு, நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பதுதான் வழி. கொஞ்சமாகத் தெளித்தால் மறுபடி பற்றும்.

கடைசிக் கேள்விக்கு ஒரே வார்த்தைதான்: வேண்டாம். ஸ்மார்ட்போனிலிருந்து கழற்றிய பேட்டரிகளுக்கு மேலே தகர உறை கிடையாது, வெறும் பைதான்; நகம் பட்டாலே ஓட்டை விழும். மூன்றும் மூன்று கம்பெனி, மூன்று வயது. லேபிளில் ‘சார்ஜ் வோல்டேஜ்’ என்ற இடத்தைப் பாருங்கள், ஒன்றில் 4.2 இருக்கும், இன்னொன்றில் 4.35, வேறொன்றில் 4.4. 4.4க்கு உரியதை 4.2 வரை மட்டும் ஏற்றினால் கொஞ்சம் குறையாக நிறையும், கெடுதல் இல்லை. மாற்றிச் செய்தால் முதலில் சொன்ன எல்லாமே நடக்கும். பிளஸோடு பிளஸ் சேர்த்தால் அதிகம் இருக்கிறதிலிருந்து குறைவாக இருக்கிறதற்குள் அந்த நொடியே பல ஆம்பியர் பாயும். தொடரில் சேர்த்தால் இந்த போர்டே உதவாது. பவர் பேங்க் வேண்டும் என்றால் நல்ல கடையில் பில் போட்டு வாங்கிவிடுங்கள்.

அந்த மூன்றையும் வீட்டில் வைத்திருக்கவும் வேண்டாம். கனெக்டர் முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, தனித்தனிக் கவரில் போட்டு, பேட்டரி வாங்கிக்கொள்கிற சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு. மூன்றில் ஏதாவது உப்பியிருந்தால் அதை அழுத்தியோ குத்தியோ பார்க்காமல், மணல் போட்ட டப்பாவில், மூடியை இறுக்காமல், வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்து அதை முதலில் கொண்டுபோய்க் கொடுங்கள். வாங்கிய போர்டில் ஆர்3 என்ற எழுத்தோ 122 என்ற எண்ணோ இல்லாமல் வேறு மாதிரி இருந்தால், எதையும் பிரிப்பதற்கு முன்னால் இரு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்து அனுப்புங்கள். எந்த ரெசிஸ்டரை மாற்றுவது என்று எழுதுகிறேன்.